இலை காணாத மலர்

ஜப்பான் தேசத்தின் வயல்வெளிகளில், நம் கணக்குப்படி புரட்டாசி பிறக்கும் தறுவாயில், வரப்புகளின் மேல் அறுத்துவிட்ட புல்லின் அடித்தூர்களைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தென்படாது. கோடையின் புழுக்கம் தணிந்து, ஒரு மழை பெய்து, இரவில் இலேசாகக் குளிர் தட்டியதும், முன்னறிவிப்பு ஏதுமின்றி மண்ணைப் பிளந்துகொண்டு இலையோ கணுவோ இல்லாத வழவழப்பான பச்சைத் தண்டுகள் எழும்புகின்றன. ஒரு வாரத்திற்குள் அவை முழங்கால் உயரம் வளர்ந்து, நுனியில் பாளை வெடித்து, இரத்தச் சிவப்பான மலர்க்கொத்துகளை விரித்து நிற்கும். பகலும் இரவும் சமமாகும் விஷுவ தினத்தை நடுவில் வைத்து ஏழு நாட்கள், பௌத்தர்களான அந்நாட்டு மக்கள் தங்கள் முன்னோரின் கல்லறைகளுக்குச் சென்று வணங்குவது வழக்கம். அந்த வாரத்திற்கு ஹிகான் என்று பெயர். பிறவிக்கடலின் அக்கரை என்பது அச்சொல்லின் பொருள். அந்த நாட்களைத் தவறவிடாமல் பூப்பதால் மலருக்கும் ஹிகான்பனா, அதாவது அக்கரைப் பூ, என்று பெயர் வந்தது. ஆங்கிலம் பேசுவோர் இதைச் சிவப்புச் சிலந்தி லில்லி என்கிறார்கள். தாவர சாஸ்திரிகளின் ஏட்டில் இது லைகோரிஸ் ரேடியேட்டா.

சிலந்தி லில்லி என்ற பெயரைப் பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அதன் இரு பாதிகளும் பொருத்தமற்றவை. சிலந்திக்குக் கால்கள் எட்டு. இம்மலருக்கோ இதழ்கள் ஆறு, அவற்றைக் கடந்து வெளியே நீளும் மகரந்தத் தாள்கள் ஆறு, ஆகப் பன்னிரண்டு. குறுகி நீண்டு, விளிம்பு நெளிந்து, பின்புறமாகச் சுருண்டு கொள்ளும் இதழ்களையும், அவற்றைப்போல் இரு மடங்கு நீளத்தில் வளைந்து நிற்கும் தாள்களையும் தூரத்திலிருந்து பார்த்த யாரோ ஒருவருக்குச் சிலந்தியின் ஞாபகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். லில்லி என்பதும் சரியன்று. உண்மையான லில்லியில் சூலகம் இதழ்களுக்கு மேலே, பூவின் உள்ளே இருக்கும். இவற்றிலோ அது இதழ்களுக்குக் கீழே, காம்பின் தலையில் பச்சை முடிச்சாக இருக்கும். இந்த ஒரு வித்தியாசமும், பூக்கள் எல்லாம் தண்டின் உச்சியில் ஒரே இடத்திலிருந்து குடைக்கம்பிகளைப்போல் கிளைப்பதும், இவற்றை அமரில்லிஸ் குடும்பத்தில் சேர்த்துவிட்டன. நம்முடைய செங்காந்தள்கூட, இதழ்களைப் பின்னால் மடித்துக்கொண்டு இதன் உடன்பிறப்பைப்போல் தோன்றினாலும், வம்சாவளியில் உண்மை லில்லிக்குத்தான் உறவு. இந்த மலருக்கு அல்ல.

அமரில்லிஸ் குடும்பத்தின் மெய்யான உறவினர் யார் என்று கேட்டால், விடை நம் அடுக்களையிலேயே இருக்கிறது. 2009ஆம் வருஷத்தில் உலகத் தாவர சாஸ்திரிகள் பலர் கூடித் திருத்தி வெளியிட்ட வகைப்பாட்டின்படி, வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் இதே குடும்பத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. சீனர்கள் இந்தச் செடியைக் கல்பூண்டு என்று பொருள்படும் பெயரால் நெடுங்காலமாக அழைத்து வந்திருக்கிறார்கள். சாஸ்திரிகள் மரபணுவைப் பார்த்துச் சொன்னதை அவர்கள் கிழங்கைப் பார்த்தே சொல்லிவிட்டார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் உறவு என்பது குணத்தில் ஒற்றுமை ஆகாது. இந்தக் கல்பூண்டைக் குழம்பில் போட்டவன் அன்றிரவு படும்பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

வெங்காயத்தை நெடுக்காகப் பிளந்து பார்த்தவர்களுக்கு இதன் கிழங்கை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிழங்கு என்று வழக்கத்தில் சொன்னாலும், உருளைக்கிழங்கைப்போலத் திரண்ட தண்டோ, மரவள்ளியைப்போலப் பருத்த வேரோ இதில் கிடையாது. அடியில் ஒரு தட்டு; அதுவே தண்டு முழுவதும் குறுகிப் போன வடிவம். அத்தட்டின்மேல் ஒன்றையொன்று போர்த்தி நிற்கும் செதில்கள், இலைகளின் அடிப்பாகங்கள். சென்ற வருஷத்து இலை உலர்ந்து உதிர்ந்த பிறகும், அதன் அடிப்பாகம் மாவும் சர்க்கரையும் ஏற்றிக்கொண்டு உள்ளே தங்கிவிடுகிறது. மிகப் பழையது வற்றிக் கரிய பழுப்புத் தோலாகி, உள்ளிருப்பதைக் காக்கிறது. செதில்களுக்கு நடுவே, வரப்போகும் பூவின் முகை, வெளியே ஒரு சுவடும் தெரியாமல் உருவாகிறது. கிழங்கின் அடியிலிருந்து இறங்கும் வேர்களில் சில சுருங்கும் இயல்புடையவை. நிலத்தைப் பற்றிக்கொண்டு குறுக்குமடிப்பு விழச் சுருங்கி, மேலெழும்பிவிட்ட கிழங்கை மீண்டும் மண்ணுக்குள் இழுத்துக்கொள்கின்றன. நடக்க முடியாத செடி என்று நாம் சொல்கிறோம். செங்குத்தாகக் கீழ்நோக்கி இது நடக்கத்தான் செய்கிறது.

இந்தக் கிழங்கின் வருஷக் கணக்குத்தான் சிவப்புச் சிலந்தி லில்லியின் தனிப்பெரும் லட்சணம் என்பது என் அபிப்பிராயம்; பூவின் அழகை வியப்பவர்கள் அதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். பூ ஒரு வாரத்தில் வாடிவிடும். அது வாடி முடிந்த பிறகு, அக்டோபர் மாதத்தில், அதே இடத்திலிருந்து நடுவே வெளிறிய கோடு ஓடும் மெல்லிய கரும்பச்சை இலைகள் கிளம்புகின்றன. மற்றச் செடிகள் கருகி, மரங்கள் இலையுதிர்த்து, நிலம் வெறிச்சென்று கிடக்கும் பனிக்காலம் முழுவதும் இந்த இலைகள் மட்டும் போட்டியில்லாத வெயிலைத் தனியே அனுபவித்து, உணவு சமைத்துக் கிழங்கில் சேமிக்கின்றன. வசந்தம் வந்து பிற புல்பூண்டுகள் தழைத்து நிழல் கட்டத் தொடங்குகிற வேளையில், மே மாதவாக்கில், இவை மஞ்சளித்து மடிந்துபோகும். அதன்பின் கோடை முழுவதும் மண்ணுக்கு மேலே ஒன்றும் இல்லை. ஆனால் அந்த உறக்கம் பொய்யுறக்கம். இலை மடியும் சமயத்திலேயே கிழங்கின் உள்ளே பூமுகை தோன்றிவிடுகிறது. கடுங்கோடையின் வெப்பம் அதை அடக்கி வைக்கிறது. வெப்பம் இறங்கியதும் தடை நீங்கித் தண்டு எழுகிறது. அதனால்தான் வெயில் நீடித்த வருஷங்களில் ஹிகான் வாரம் கடந்தும் பூ வராமல், பஞ்சாங்கத்தை நம்பியவர்கள் ஏமாறுவதும் உண்டு.

இவ்வாறாக இலை இருக்கும்போது பூ இல்லை, பூ இருக்கும்போது இலை இல்லை. இலை காணாது, பூ காணாது என்று பொருள்படும் ஒரு பெயரும் ஜப்பானில் இதற்கு உண்டு. கொரியாவில் இந்த இனத்துச் செடி ஒன்றுக்கு ஒருவரையொருவர் நினைந்து ஏங்கும் மலர் என்று பெயர். சந்திக்கவே முடியாத இரு காதலர்களை அங்குள்ளோர் இலையிலும் பூவிலும் கண்டார்கள். ஜப்பானியக் கிராமத்தார் இன்னும் கடுமையாக, கைவிடப்பட்ட குழந்தைப் பூ என்றார்கள். இலையாகிய தாய் அருகில் இல்லாமல் பிள்ளை தனியே நிற்கிறதாம். எனக்கு என்னவோ இந்த உவமை தலைகீழானதாகவே படுகிறது. ஆறேழு மாதம் பனியில் நின்று உழைத்துப் பிள்ளைக்கு வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்துவிட்டுத் தான் மறைந்த தாயை, கைவிட்டவள் என்று எப்படிச் சொல்வது?

இந்தச் செடியின் சரித்திரத்தில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. பூவில் தேன் உண்டு. கருநிறத்துப் பெரிய வண்ணத்துப்பூச்சிகள் அதை நாடி வந்து, மகரந்தத்தில் இறக்கை உரச வட்டமிடுவதும் உண்டு. ஆயினும் ஜப்பானில் இச்செடி விதை வைப்பதில்லை. ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம்கள் இரட்டைப் படியாக இருப்பதே பெரும்பாலான உயிர்களுக்கு இயல்பு; இந்த இனத்தில் ஒரு படிக்குப் பதினொன்றாக, 22 இருக்க வேண்டும். சீனத்தில் அவ்வாறே 22 கொண்டு, சற்று முன்னதாகவே பூத்து, கரிய உருண்டை விதைகளைத் தரும் வகை உண்டு. ஜப்பானில் பரவியிருப்பதிலோ மூன்று படிகளாக 33 இருக்கின்றன. சூலும் மகரந்தமும் உண்டாகும்போது குரோமோசோம்கள் இவ்விரண்டாக ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும். மூன்று பேரை இரண்டு வரிசையில் சமமாக நிறுத்த முடியாததுபோல் அங்கே பங்கீடு குழம்பிவிடுகிறது. ஆகவே இத்தனை சிவப்பும், இத்தனை தேனும், இத்தனை நீண்ட தாள்களும் சந்ததியைப் பொறுத்தமட்டில் வெறும் சடங்கு. வம்சத்தைக் காப்பது கிழங்கு ஒன்றே; அது பக்கத்தில் குட்டிக் கிழங்குகளை ஈன்று, அவை பிரிந்து, பக்கத்திலேயே வேரூன்றி, கூட்டம் பெருகுகிறது.

இதிலிருந்து ஒரு முடிவு தானாகவே பிறக்கிறது. காற்றில் பறக்கவும், பறவை வயிற்றில் ஏறவும் விதையில்லாத செடி, வெள்ளம் கரையை அரித்துக் கிழங்கைச் சற்றுத் தூரம் உருட்டிச் சென்றாலொழிய, தானாக இடம் மாற வழியில்லை. அப்படியிருக்க ஜப்பானின் வரப்புகளிலும், ஆற்றுக்கரைகளிலும், கோயில் முற்றங்களிலும், மயானங்களிலும் இது காணப்படுவானேன்? மனிதன் கையால் கொண்டுவந்து நட்டதுதான். நெற்பயிர்ச் சாகுபடியோடு சீனத்திலிருந்து வந்தது என்பது பலருடைய அபிப்பிராயம்; வந்த காலத்தைப் பற்றி அவர்களுக்குள் வேறுபாடு உண்டு. வந்த காரியத்தைப் பற்றிச் சந்தேகமில்லை. வயலில் நீர் நிற்க வேண்டுமானால் வரப்பு ஒழுகக்கூடாது. எலியும் அகழெலியும் வளை தோண்டினால் ஓர் இரவில் நீர் வடிந்துவிடும். நச்சுக் கிழங்கை நெருக்கமாக நட்டால் அவை அண்டுவதில்லை என்று உழவர்கள் கண்டார்கள். பிணங்களை மண்ணில் புதைத்த காலத்தில், விலங்குகள் தோண்டாதபடி அவற்றைச் சுற்றிலும் இதையே நட்டார்கள். பிற்காலத்தார் மயானத்தில் சிவப்பு மலரைக் கண்டு, அது சாவின் மலர் என்று அஞ்சினார்கள். பிணப்பூ, பிசாசுப்பூ, நரகப்பூ என்றெல்லாம் வட்டாரத்துக்கு வட்டாரம் வழங்கும் நூற்றுக்கணக்கான பெயர்களும், வீட்டுக்குப் பறித்து வந்தால் வீடு தீப்பிடிக்கும் என்று குழந்தைகளை மிரட்டும் வழக்கமும் இப்படி வந்தவை. காவலுக்கு வைத்த காவற்காரனையே எமனென்று எண்ணிவிட்ட கதை இது.

மிரட்டலில் நியாயம் இல்லாமலும் இல்லை. செடி முழுவதிலும், கிழங்கில் அதிகமாக, லைகோரின் என்னும் ஆல்கலாய்டு இருக்கிறது. அதை உண்டவனுக்குச் சிறிது நேரத்தில் குமட்டல், ஓயாத வாந்தி, பேதி. அளவு மிகுந்தால் உயிருக்கே ஆபத்து. 1897ஆம் வருஷத்தில் மோரிஷிமா என்ற ஜப்பானிய ரசாயனி இக்கிழங்கிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, செடியின் பெயரையே அதற்கும் சூட்டினார். லைகோரின் நீரில் கரைந்து போகும் என்பதைச் சாஸ்திரம் சொல்வதற்கு நெடுநாள் முன்பே பஞ்சம் சொல்லிக் கொடுத்திருந்தது. நெல் பொய்த்த வருஷங்களில் ஏழை மக்கள் வரப்பைத் தோண்டிக் கிழங்கை எடுத்து, அரைத்து, நீரில் கரைத்து, மாவு படியவிட்டு, மேல்நீரை வடித்து, மறுபடியும் நீர் ஊற்றி, இப்படிப் பல தடவை செய்து எஞ்சிய மாவை உலர்த்தி உண்டார்கள். பொறுமையில்லாதவனுக்கு அது விஷம், பொறுமையுள்ளவனுக்கு ஆகாரம். கொரியாவின் பௌத்த மடங்களில் அந்த மாவைப் பசையாகக் காய்ச்சிச் சூத்திர ஏடுகளை ஒட்டவும், ஓவியங்களுக்குப் பயன்படுத்தவும் செய்தார்கள். பூச்சி அரிக்காது என்பது காரணம். மடங்களைச் சுற்றி இம்மலர் இன்றும் செறிந்து பூப்பதற்கு அந்தப் பழைய தேவையும் ஒரு விளக்கம்.

இதே குடும்பத்துக் கிழங்குகளில் காணப்படும் மற்றோர் ஆல்கலாய்டான காலன்டமைன், 1950க்குப் பிந்தைய சில வருஷங்களில் சோவியத் நாட்டிலும் பல்கேரியாவிலும் ஆராயப்பட்டு, நரம்புத் தளர்ச்சி நோய்களுக்கு மருந்தாயிற்று. 2001இல் அமெரிக்க அரசாங்கம், முதுமையில் நினைவை அழிக்கும் அல்சைமர் நோய்க்கு அதை அனுமதித்தது. மறதிக்கு மருந்து தரும் செடியைப் பித்ருக்களை நினைக்கும் நாளில் பூக்கும் செடி என்று முன்னோர் கண்டிருந்தது தற்செயல்தான். ஆனால் இனிய தற்செயல்.

ஜப்பானில் இம்மலருக்கு வழங்கும் மற்றொரு பெயர் மஞ்ஜுஷாகே. இது ஸமஸ்கிருதச் சொல். சத்தர்ம புண்டரீக சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில், புத்தர் சமாதியில் ஆழ்ந்திருக்கையில் விண்ணிலிருந்து மாந்தாரவ மலர்களும் மஞ்ஜூஷக மலர்களும் மழையாகப் பொழிந்தன என்று வருகிறது. குமாரஜீவர் 406ஆம் வருஷத்தில் அதைச் சீன மொழிக்குக் கொண்டுவந்தபோது மலர்ப் பெயர்களை மொழிபெயர்க்காமல் ஒலியை மட்டும் சீன எழுத்துகளில் பெயர்த்துவைத்தார். பொருள் தெரியாத சொல்லுக்குப் பொருளாக, எங்கிருந்தோ திடீரெனத் தோன்றும் இந்தச் சிவப்பு மலரை மக்கள் வைத்துக்கொண்டார்கள். இந்தியாவில் இயல்பாக வளராத செடிக்கு இந்தியப் பெயர் இப்படி அமைந்தது. ஒரே செடி, வரப்பில் நரகப்பூவாகவும், ஏட்டில் தேவலோகப் பூவாகவும் ஒரே காலத்தில் இருந்து வந்திருக்கிறது.

ஐரோப்பியர் வைத்த பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. லைகோரிஸ் என்பது ரோமாபுரியில் மார்க் அந்தோணியின் காதலியாயிருந்த ஒரு நடிகைக்குக் கவிஞர் ஒருவர் இட்ட புனைபெயர். அதை இச்செடிக்குச் சூட்டியவரோ வில்லியம் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலப் பாதிரியார்! 1837இல் இந்தக் குடும்பம் முழுவதையும் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். கலப்பினச் செடிகளைப் பற்றிய அவருடைய சோதனைகளை டார்வினே எடுத்துக்காட்டியிருக்கிறார். அமெரிக்காவுக்கு இச்செடி சென்ற கதையும் சிறியது. ஜப்பான் தன் துறைமுகங்களைத் திறந்த 1854ஆம் வருஷத்தை ஒட்டி, வட கரோலினாவின் நியூ பெர்ன் ஊரைச் சேர்ந்த வில்லியம் ராபர்ட்ஸ் என்ற கப்பல் தலைவர் மூன்று கிழங்குகளைக் கொண்டு வந்ததாகவும், அவை வற்றிப் போயிருந்தபடியால் சில வருஷங்கள் உயிர்க்குறியே காட்டாமல் கிடந்து பிறகு துளிர்த்ததாகவும் அங்கே சொல்கிறார்கள். விதையில்லாச் செடிக்கு மூன்று கிழங்கு போதாதா?

சிலந்தி லில்லி என்ற பெயரைப் பங்கிட்டுக்கொள்ளும் மற்ற இரு செடிகள் நம்மவர் கண்ணுக்குப் பழக்கமானவை. சென்னையின் பூங்காக்களிலும், சாலை நடுவிலுள்ள பாத்திகளிலும் வாளைப்போன்ற இலைகளுக்கிடையே வெண்ணிறமாகப் பூத்து நிற்பது ஹைமனோகாலிஸ். அமெரிக்க வெப்பப் பிரதேசங்கள் அதன் தாயகம். மகரந்தத் தாள்களின் அடிப்பாகங்களை ஒரு மெல்லிய வெண்சவ்வு இணைத்துக் கிண்ணமாக்குகிறது. சவ்வின் அழகு என்பதே அதன் கிரேக்கப் பெயரின் பொருள். மாலையில் விரிந்து இருட்டில் மணக்கும் அந்தப் பூவின் குழல் ஐந்தாறு அங்குல நீளம். அத்தனை ஆழத்திலுள்ள தேனை எட்டுவது நீண்ட உறிஞ்சுகுழல் படைத்த பருந்து அந்துப்பூச்சிக்கே கைவந்த காரியம். மூன்றாவது, நம் கடற்கரைகளுக்கே உரிய விஷமூங்கில், அதாவது கிரைனம் ஏஷியாட்டிகம். 1999இல் ஆலன் மீரோவும் அவருடைய சகாக்களும் மரபணுக்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, இம்மூன்றும் குடும்பத்தின் மூன்று தனித்தனிக் கிளைகள். குறுகிய இதழ் என்னும் சாயலைத் தவிர அவற்றைச் சேர்த்துப் பேசக் காரணமில்லை.

அந்த இரண்டும் ஒரு விஷயத்தில் ஜப்பானியச் சகோதரியினின்றும் முற்றிலும் மாறுபடுகின்றன. அவள் விதையைத் துறந்து கிழங்கையே நம்பினாள். இவை விதையையே கிழங்குபோல் ஆக்கிவிட்டன. ஹைமனோகாலிஸின் விதை பச்சை நிறமாய், சதைப்பற்றோடு, தாய்ச்செடியில் இருக்கும்போதே வெயிலில் உணவு சமைக்கக்கூடியது. வட அமெரிக்காவின் அலபாமாவில் கஹாபா ஆற்றுப் பாறைகளிடையே, பாய்கிற நீரில் வேரூன்றி வாழும் ஓர் இனத்தின் விதைகள் நீரில் மூழ்கிப் பாறை இடுக்குகளில் சிக்கி முளைக்கின்றன. வில்லியம் பார்ட்ரம் என்ற யாத்ரிகர் 1773இல் அந்த இனத்தைச் சவானா ஆற்றில் கண்டார். ஆறுகளில் அணை கட்டி நீரைத் தேக்கியதால் பாறைத்துறைகள் மூழ்கி, அதன் இருப்பிடம் குறைந்துபோயிற்று. விஷமூங்கிலின் விதை இதற்கு நேர்மாறாக மிதக்கும். அதற்கு விதையுறையே கிடையாது; உள்ளுணவுத் திசுவே வெளிப்புறத்தில் தக்கையாகி, கடல்நீரில் நெடுந்தூரம் மிதந்து, கரை ஒதுங்கிய இடத்தில் வேர் விடுகிறது. மண்ணும் நீரும் இல்லாமல், மாடத்தில் எடுத்துவைத்த விதை தன் சேமிப்பிலிருந்தே முளை நீட்டுவதைக் காணலாம்.

விஷமூங்கில் என்ற பெயரின் முற்பாதி பொருளற்றதன்று; அதன் கிழங்கிலும் லைகோரின் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் மருத்துவப் பேராசிரியராயிருந்த வில்லியம் ஓ'ஷானஸி, வாந்தி வரவழைக்கும் உள்நாட்டு மருந்தாக அதைச் சிபாரிசு செய்தார். இலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டி வீக்கத்தின்மேல் கட்டுவது நம் பாட்டிமார் கைவைத்தியம். இவ்வளவு நஞ்சையும் பொருட்படுத்தாமல், கரிய உடலில் வெண்புள்ளிகளும் பட்டைகளும் உடைய ஒரு கம்பளிப்புழு மட்டும் இலையைக் குடைந்து நுழைந்து, சில நாட்களில் தூரோடு தின்று தீர்த்துவிடும். தோட்டக்காரர்கள் செடி செத்தது என்று எண்ணிப் பிடுங்கப் போவார்கள். அவசரப்பட வேண்டாம், அடியில் கிழங்கு கெடாமலிருந்தால் புதிய இலை வரும்.

ஹிகான்பனாவுக்கு அத்தகைய புழுவைவிட அஞ்சத்தக்கது அரிவாள். பனிக்காலத்து இலையைக் களையென்று அறுத்துவிட்டால் கிழங்கில் சேமிப்பு குறைந்து, அடுத்த புரட்டாசியில் பூ வராது. டோக்கியோவுக்கு வடமேற்கே ஹிடாக்கா ஊரில், கோமா ஆறு வளைந்து செல்லும் கிஞ்சாக்குடா என்ற இடத்தில் சுமார் 50 லட்சம் செடிகள் ஒரே சமயத்தில் பூத்து மரத்தடியெல்லாம் கம்பளம் விரித்ததுபோல் சிவக்கும். அங்கும், வயல் வரப்புகளிலும், புல்லறுப்பதற்கு ஒரு முறை உண்டு. இலை மடிந்த பிறகு கோடையில் அறுக்கலாம். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை ஒட்ட அறுப்பார்கள். மண்ணுக்குள் தண்டு அப்போது எழ ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். பூ வாடி முடியும்வரை மறுபடி வரப்பில் அரிவாள் படாது.